நைட் வாரத்துப் பூங்காக்கள்

மறைமலை நகரில் நல்ல பூங்கா எது என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன ஷிஃப்ட்? காலை ஷிஃப்ட் என்றால் எந்தப் பூங்காவும் ஒன்றுதான். சாயங்காலம் அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு வரலாம். நைட் ஷிஃப்ட் என்றால் விஷயம் வேறு. காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மதியம் நன்றாகச் சாயும்வரை வீட்டுக்குத் திரும்ப முடியாது. எந்தப் பூங்காவில் எத்தனை மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும், குழாயில் தண்ணீர் வருமா, அவசரத்துக்கு ஒதுங்க மறைவு உண்டா, நாய் எந்த மூலையில் படுத்திருக்கும் என்பதெல்லாம் அப்போது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது. 1991-இல் அந்த ஊரில் என்னைவிடப் பூங்காக்களை அறிந்தவள் ஒருத்தி இருந்திருந்தால், அவள் புருஷனும் நைட் ஷிஃப்ட்காரராகத்தான் இருந்திருப்பார்.

நாங்கள் குடியிருந்தது ஒரே ஓர் அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல். அவருக்கு ஊர் மண்ணூர், எனக்குப் பென்னலூர், இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்தோம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நைட் வாரம் வரும். விடிந்து வீட்டுக்கு வந்ததும் குளிப்பார், பழைய சோற்றைக் கரைத்துக் குடிப்பார், ஜன்னலில் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செருகிவிட்டு ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்பார். அவர் நின்றது தகடு வெட்டும் பிரஸ் மெஷினில். தூக்கம் கெட்ட கண்ணோடு அதன் முன்னால் நின்றால் விரல் போய்விடும். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அவரோடு வேலைசெய்த ஒருவர் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தபோது, டம்ளரைப் பிடித்த அந்த மனிதர் கையில் இரண்டு விரல் இல்லாததைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. ரகசியம் பேசவே தெரியாத பிள்ளை. தெருமுனையில் பால்காரர் மணியடித்தால் உள்ளேயிருந்து இவள் பதில் சொல்லுவாள். காக்காயோடு சண்டை போடுவாள். சாப்பிடும்போதும் கத்தல், தூங்கி எழுந்ததும் கத்தல். அதனால் நைட் வாரம் பிறந்துவிட்டால் அவள் கால் கொலுசைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவேன். ஒயர் கூடையில் தயிர்சோறு, தண்ணீர், ஒரு பழைய பெட்ஷீட். அவர் கண் மூடுவதற்குள் நாங்கள் வாசலைத் தாண்டிவிடுவோம்.

நான் மட்டும் இல்லை. பூங்காவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருமே ஷிஃப்ட் வீட்டுக்காரிகள்தான். புருஷன்மார் ஒன்றாக நைட் போவதால் நாங்களும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒன்றாகச் சந்தித்துக்கொள்வோம். நடுவில் வேறு கூட்டம் வரும். அவர்களை எங்களுக்குத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள், கைக்குழந்தையும் ஒரு பையனுமாக. அவள் பேசினால் எங்களுக்குப் பாதி புரியாது, நாங்கள் பேசினால் அவள் சிரிப்பாள். "இன்னாங்குதீய, கீதுங்குதீய" என்று எங்களைச் சொல்லிக்காட்டிவிட்டு, அவள் கொண்டுவந்த அவியலை என் தட்டில் வைப்பாள்.

அந்த வருஷம் மே மாதம் நடந்ததற்குப் பிறகு பெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. எங்கே போனாலும் "எந்த ஊரு?" என்று கேட்டு, பதில் சொன்னதும் "ஐயோ, அந்த ஊரா!" என்று உட்கார்ந்துவிடுவார்கள். இன்றைக்கும் 1991 என்றால் எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வருகிறது. வரட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த வருஷத்தில் ஒரு சாவுதான். ஆடி மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்பு சுட்டது, அடுத்த நாள் வலிப்பு வந்தது, பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சல் என்றார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மண்ணூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். அவர் கையில் வாங்கிக்கொண்டார். கூட நாலு ஆண்கள் போனார்கள். நான் என் மாமியார் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஏரிக்கரைப் பக்கம் திரும்பியதும் அவர் முதுகு மறைந்துவிட்டது. என் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்து மறைமலை நகருக்குத் திரும்பினோம். அவர் வேலைக்குப் போனார். மற்ற ஷிஃப்டுகள் எப்படியோ கழிந்தன. பிறகு நைட் வாரம் வந்தது.

முதல் நாள் காலை அவர் வந்து, குளித்து, பழைய சோற்றைக் குடித்து, அட்டையைச் செருகிக்கொண்டிருந்தார். என் கை தன் பாட்டுக்கு ஒயர் கூடையில் தண்ணீரும் பெட்ஷீட்டும் எடுத்து வைத்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீங்க தூங்குங்க."

"வெயில்ல இன்னாத்துக்கு அலையிற? வூட்லயே இரு. சத்தம் போட இப்ப யார் கீறாங்க?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் வெயிலில் காயக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, கதவை என்னால் முடிந்த அளவு அடித்துச் சாத்திவிட்டுப் போனேன். அந்த வீட்டில் நைட் வாரத்தில் நான் கதவைச் சத்தமாகச் சாத்தியது அன்றுதான்.

தண்ணீர்த்தொட்டிப் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்தேன். தூக்கிக் கட்டிய பெரிய தொட்டி, அதன் நிழல்தான் அங்கே நிழல். வெயில் ஏற ஏற நிழல் நகரும், நாங்களும் பெட்ஷீட்டை இழுத்துக்கொண்டே நகர்வோம். எங்கள் கூட்டத்துப் பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகள் கத்தியபோது "சூ, சும்மா இரு" என்று வாயைப் பொத்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தட்டும் விடுங்களேன் என்று கோபமாகவே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். லுங்கி, பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, ரத்தமாகச் சிவந்த கண். நைட் வாரத்தில் எந்தப் புருஷனும் பகலில் பூங்காவுக்கு வந்ததில்லை. பெண்கள் எல்லாரும் புடவையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தூங்கலியா?" என்றேன்.

"தூக்கம் வரல."

"ஏன், சத்தம் இல்லாமதான கீது வூடு?"

"அதான் வரல."

என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "பாப்பா இங்க இன்னா பண்ணும்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "இருந்தப்போ ஒரு நாளும் கேக்கல. இப்ப இன்னாத்துக்கு?" என்றேன். நான் சொன்னது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். அவர் தூங்கியது எங்களுக்குச் சோறு போடத்தான். அவரைத் தூங்க வைத்ததும் நான்தான். ஆனாலும் அந்தப் பகல்கள் என்னுடையவை. கிழிந்த பெட்ஷீட்டில் வெந்து கிடந்து நான் சேர்த்தவை. அவளைப் பற்றி என்னிடம் மிச்சமிருந்ததும் அவ்வளவுதான். அதில் பாதி கொடு என்று வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று தோன்றியது. பிள்ளை செத்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒன்றாக அழுவார்கள் என்பார்கள். நாங்கள் அப்படி இல்லை. நான் என் பங்கை ஒளித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாயை மூடியிருப்பது? சொன்னேன். மதியம் தொட்டி நிரம்பினால் மேலேயிருந்து தண்ணீர் சொட்டும், அதன் கீழே போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள், எல்லாச் சொட்டும் மூக்கில்தான் விழும் என்றேன். அவர் எழுந்து போய் அங்கே நின்றார். மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பி, சொட்ட ஆரம்பிக்கும்வரை நின்றார். பிறகு உள்ளங்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளும் ஒரு மணி நேரம்கூடப் படுக்காமல் எழுந்து, "இன்னிக்கி எங்க?" என்றார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே சிமெண்ட் சறுக்குமரம் ஒன்று உண்டு. வெயில் ஏறினால் தோசைக்கல் மாதிரி சுடும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை அதில் ஊற்றினால்தான் சறுக்க முடியும். பாதித் தண்ணீர் சறுக்குமரத்துக்கு, பாதி எங்களுக்கு என்று நான் பிரித்து வைப்பதைச் சொன்னேன். அதற்கடுத்த நாள் போர்டு பூங்கா. 'பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்' என்று போர்டு மட்டும் வைத்திருந்தார்கள். உள்ளே கருவேல முள்ளும் ஆடும்தான். அவளுக்கு அது பிடிக்கும். மரவட்டையைக் குச்சியால் தொட்டுச் சுருள வைத்துவிட்டு, "எந்திரி, எந்திரி" என்று அதட்டுவாள். அவர் அந்த முள்ளுக்குள் குனிந்து குனிந்து மரவட்டை தேடினார். மழை இல்லாததால் ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படித் தூங்காமல் போய் மெஷின் முன்னால் நின்றால் என்ன ஆகும்? தினமும் காலையில் அவர் வந்ததும் முதலில் விரல்களைத்தான் பார்த்தேன். "போதும், பாத்தாச்சி, இனிமே படுங்க" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அது பொய். இன்னொன்று இருந்தது. இருப்பதிலேயே நல்லது அதுதான். அங்கே அவரைக் கூட்டிப்போகக்கூடாது என்று நான் முடிவுசெய்திருந்தேன். அங்கே அவள் செய்ததை அவர் தெரிந்துகொண்டால் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் திருநெல்வேலிக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மறுநாளும் அவர் கூடவே வந்தார். தண்ணீர்த்தொட்டிப் பூங்காவில் எங்களைப் பார்த்ததும் அவள், "அந்த எஸ்டேட் பார்க்குக்குப் போவலையாக்கா? பிள்ளைக்கு அதுன்னா உசுருன்னு சொல்லுவியளே" என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "இன்னொரு எடம் கீதா?"

"அங்க வேணாம்."

"ஏன் வேணாம்? எங்கிட்ட இன்னாத்துக்கு மறைக்கிற?"

"நீங்க மறைக்கலியா? எம் பொண்ண எங்க வெச்சீங்கன்னு எனக்குக் காட்னீங்களா?"

"பொம்பளைங்க அங்க வரக்கூடாது" என்றார்.

"நைட்டு வாரத்துல ஆம்பளைங்க பார்க்குக்கு வரக்கூடாது. நான் இன்னா, வெரட்டி வுட்டேனா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் ரயில் போகும்வரை நின்று, ஒரகடம் வழியாக மண்ணூர் போய் இறங்கினோம். அவர் அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டார்கள். வீட்டுப் பக்கமே போகாமல் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தோம். பனைமரங்கள் முடிகிற இடத்தில் நின்று, கையைக் காட்டினார். நாய் தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அது காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. அவ்வளவுதான்.

மனசு பழக்கத்தில் கணக்குப் போட்டது. நிழல் இல்லை. குழாய் இல்லை. ஊஞ்சல் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு நாழிகைகூட அவள் இங்கே உட்கார மாட்டாளே என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தரையில் விழுந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு கூடையிலிருந்து பெட்ஷீட்டை எடுத்து விரித்து, முள்ளுக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்தது. அந்த வாரம் முழுக்கத் தூங்காத மனுஷன், வெயிலில், வாய் பிளந்து தூங்கினார். ஆடுகள் வந்தன. சத்தம் போடாமல் கையை மட்டும் வீசி விரட்டினேன்.

அதற்குப் பிறகு அவரிடம் எதையும் ஒளிக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் அவருக்குக் காலை ஷிஃப்ட். ஒரு சாயங்காலம் எஸ்டேட் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். தொழிற்பேட்டைக் கம்பெனிகள் சேர்ந்து பராமரித்த பூங்கா அது. பச்சைப் புல், குழாயில் எப்போதும் தண்ணீர், புங்க மரத்தடியில் சிமெண்ட் பெஞ்ச். முன்பக்கம் ரோட்டை ஒட்டிக் கம்பி வேலி. காலை ஷிஃப்ட் வாரத்தில் அவர் OT பார்க்கும் நாட்களில், வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நானும் அவளும் அங்கேதான் இருப்போம்.

வேலிக்குக் கீழே உள்ள சிமெண்ட் மேட்டைக் காட்டினேன். "இதுமேல ஏறி நின்னுக்குவா. கம்பிய புடிச்சிக்குவா. பஸ்ஸு வரும் பாருங்க, எல்லா கம்பெனி பஸ்ஸும். ஒவ்வொரு பஸ்ஸையும் பாத்து 'அப்பா'ன்னு கத்துவா."

அவர் குனிந்து அந்த மேட்டைப் பார்த்தார்.

"ஊதா யூனிஃபாரம் சட்ட போட்டவன் எல்லாம் அவளுக்கு அப்பாதான். பஸ்ல போறவங்க எல்லாம் சிரிச்சிகினே கையாட்டுவாங்க. அதான் உங்ககிட்ட சொல்லல. மனசு கஷ்டப்படுவீங்கன்னு." அவர் முகத்தைப் பார்க்காமல் வேகவேகமாகச் சொல்லி முடித்தேன். "நான் வுடமாட்டேன். ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவேன், அது நம்ம அப்பா இல்ல, நம்ம அப்பா பஸ்ஸு ஜிஎஸ்டி ரோட்டோட போயிடும், இந்தப் பக்கமே வராதுன்னு. கேக்கமாட்டா. அடம் புடிப்பா, அப்பாதான்னு."

அவர் வேலிக்குப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"OT பாத்தா நம்ம பஸ்ஸு போயிடும்மே. வேற கம்பெனி பஸ்ஸுல தொத்திக்கினு வருவோம். அது இந்த வழியாத்தான் வரும்."

எனக்கு உடனே புரியவில்லை.

"ஒரு கொயந்த இங்க நின்னுகினு கத்தும். உள்ள நின்னுகினு வர எனக்கு மூஞ்சி தெரியாது. பஸ்ஸு சத்தத்துல கொரலும் புரியாது. எல்லாரும் ஆட்றானுங்களேன்னு நானும் ஜன்னல் வழியா கைய நீட்டி ஆட்டுவேன்." கம்பியை அவர் விடவில்லை. "யார் பெத்த புள்ளையோ, அவன் குடுத்துவெச்சவன்னு நெனச்சிகினே வருவேன்."

இருட்டும்வரை அங்கேயே நின்றோம். எந்தெந்த நாள் அவர் அந்த பஸ்ஸில் வந்தார், எந்தக் கை அவருடையது என்று கேட்டேன். அவருக்கும் ஞாபகம் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் அவளிடம் இல்லை, இல்லை என்றேன். அதில் எத்தனை முறை அவள் சரியாகச் சொல்லியிருந்தாள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவள் கூப்பிட்ட அத்தனை முறையும் அவரைத்தான் கூப்பிட்டாள் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.